டெங்கு கொசுப்புழுவை வீட்டில் தேடிப் பிடிப்பது எப்படி?

சென்னையில் மழை தொடங்கியதும் புகை மருந்து அடிக்க ஆள் வரவில்லை என்றுதான் எல்லோருக்கும் கோபம். ஆனால் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் சுற்றும். அதனால் நம் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

வேண்டியவை: டார்ச், வெள்ளைக் கிண்ணம், கெட்டியான பிரஷ். ஸ்பாஞ்ச் வேண்டாம், கொசு முட்டை அதற்கு அசையாது.

முதலில் பிரிட்ஜின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மணி பிளான்ட் பாட்டில், ஏசி தண்ணீர் வாளி, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் பாருங்கள். நிழல் பட்டதும் புழுக்கள் சட்டென்று அடியில் போய்விடும், "ஒன்றும் இல்லை" என்று நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள், மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். வந்ததும் கிண்ணத்தில் மொண்டு பாருங்கள். தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ் என்ற இன்னொரு வகைக் கொசு, நீர்மட்டத்தோடு படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனாபிலிஸ். கமா போலச் சுருண்டிருப்பது கூட்டுப்புழு, இரண்டு மூன்று நாளில் பறந்துவிடும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. மிளகுத்தூளை விடச் சிறிய கறுப்புப் புள்ளிகள், அழுக்கு என்றுதான் தோன்றும். காய்ந்து போனாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிந்துவிடும். அதனால் வாளியைக் கவிழ்த்து வைப்பதோடு நிறுத்தாமல், உள்சுவரை விளிம்பு வரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். எனவே வாரம் தவறாமல் அதே கிழமையில் செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: மாடித் தொட்டியை வாரா வாரம் எப்படித் தேய்ப்பது என்று பலர் கேட்டார்கள். அது முடியாது. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி சென்னையில் இந்தத் தொட்டிகளிலும் கிணறுகளிலும்தான் வளர்கிறது. கிணற்றை மூட முடியாதென்றால் கம்பூசியா மீன் விடலாம், அது புழுக்களைத் தின்றுவிடும்.