பழைய எம்.ஜி. காருக்கு ஏரோ ஸ்கிரீன்: ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்

பெரிய முன்கண்ணாடியை முன்பக்கமாக மடக்கிப் படுக்கவைத்துவிட்டு, ஓட்டுபவருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று என்று சின்னதாக இரண்டு கண்ணாடி. இதுதான் ஏரோ ஸ்கிரீன். இங்கிலாந்தில் 1907-ல் திறந்த புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தின் பெயர் இன்றும் இந்த வகைக் கண்ணாடிகளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. டி.சி. என்ற இங்கிலாந்துத் திறந்த காரில் மாட்டினால் அழகு அள்ளும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தைப் பார்த்து மாட்டிவிட்டு, பாம்பன் பாலம் ஏறியதும் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தில் என் ஷெட்டுக்கு மதுரை நண்பர் ஒருவர் டி.சி.யைக் கொண்டுவந்தபோது, ஏரோ ஸ்கிரீன் மாட்டுவதற்காக டேஷ்போர்டுக்கு மேல் தகட்டில் நான்கு ஓட்டைகள் ஏற்கெனவே இருந்தன. வேறு ஊர்ப் பட்டறையில் போட்டது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆளை உட்கார வைக்காமலே அளவெடுத்திருக்கிறார்கள். நண்பர் நல்ல உயரம். சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடியின் மேல்விளிம்பு அவருடைய கண்ணுக்கு நேராகக் கோடு கிழித்தது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை போகும் வரை பாதித் தூரம் குனிந்தும் பாதித் தூரம் நிமிர்ந்தும் ஓட்டினார். இறங்கியதும், "அண்ணே, கழுத்து போச்சு" என்றார்.

பார்வை கண்ணாடிக்குள்ளே போக வேண்டும், இல்லையென்றால் தெளிவாக அதற்கு மேலே போக வேண்டும். விளிம்பு நடுவில் வரவே கூடாது. அதனால் முதலில் அட்டை. வழக்கமாகப் போடும் குஷனோடு, வழக்கமான செருப்போடு உட்காருங்கள். அட்டையைக் கண்ணாடி வடிவில் வெட்டி டேப் போட்டு ஒட்டி, ஒரு விரல் ஏற்றி, ஒரு விரல் இறக்கிப் பாருங்கள். அப்புறம் அதே அளவில் ஒரு பழைய அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) துண்டை ரப்பர் வைத்துக் கிளாம்ப் போட்டு, மேல்விளிம்பில் நான்கைந்து நூல் துண்டுகளை ஒட்டி, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். நூலைக் கவனிக்கும் வேலை பக்கத்தில் இருப்பவருக்கு. நூல் உங்கள் நெற்றியை நோக்கி நீண்டால் காற்றும் அங்கேதான் வருகிறது. கண்ணாடியைப் பின்னால் சாய்த்தால் பார்க்க ஜோராகத்தான் இருக்கும், ஆனால் உயரம் குறைந்து, விளிம்பு முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். சாய்வை மாற்றிக்கொள்ள வசதியுள்ள பிராக்கெட் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

சரி, இடம் முடிவாகிவிட்டது. அப்போதும் அவசரம் வேண்டாம். மடக்கிய பெரிய கண்ணாடியை ஒருமுறை நிமிர்த்தி, மறுபடி மடக்கிப் பாருங்கள். டி.சி.யில் வைப்பர் மோட்டார் அந்தக் கண்ணாடிச் சட்டத்திலேயே இருக்கிறது. அது போய் எங்கே இடிக்கிறது என்று பார்க்காமல் மாட்டி, புதுக் கண்ணாடியைச் சில்லாக்கியவர்கள் உண்டு. பானெட் திறக்கிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது விரல் முட்டி உரசுகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

டேஷ்போர்டுக்கு மேலே உள்ள தகடு மாட்டுத் திமில் போல இரண்டு இடத்தில் எழும்பி நிற்கும். தட்டையான பிராக்கெட்டை அதன் மேல் வைத்து முறுக்கினால் தகடு நசுங்கும், பெயிண்டு வெடிக்கும். வளைவுக்கு ஏற்ப ரப்பர் சீவி அடியில் வையுங்கள். தகட்டுக்குக் கீழே வெறும் வாஷர் போதாது. இரும்புப் பட்டை ஒன்று கொடுத்தால்தான் அதிர்வில் ஓட்டை பெரிதாகாது. ட்ரில் உள்ளே எட்டும் தூரத்தில் ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் அழுத்தவே அழுத்தாதீர்கள்.

நம் கடற்கரையில் கூடுதலாக ஒரு தலைவலி, உப்பு. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இந்த உப்புக் காற்றோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியது. நம் வண்டியின் தகடு எம்மாத்திரம்? ஓட்டை போட்டதும் அதன் உள்விளிம்பு பச்சை இரும்பாக நிற்கும். அன்றைக்கே ப்ரைமர், பெயிண்டு என்று மூடிவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் அந்த நாளையே துரு வரும் நாள். துத்தநாகம் பூசிய சாதா போல்ட் ஒரு சீசன் தாங்கினால் பெரிய விஷயம். படகு வேலை செய்கிறவர்களிடம் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்டு வாங்குங்கள். ஆனால் பிராக்கெட் அலுமினியமாக இருந்தால் இரண்டும் நேராகத் தொடக்கூடாது. இரண்டு உலோகத்துக்கு நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும், வெள்ளைப் பொடியாகக் கொட்டும். நடுவில் நைலான் வாஷர், போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ், வேலை முடிந்தது.

கண்ணாடிக்கு வருவோம். வீட்டில் கிடந்த கார் கதவுக் கண்ணாடியைக் கீழக்கரையில் ஒரு கடைக்கு எடுத்துப்போய், இந்த வடிவத்தில் வெட்டித் தாருங்கள் என்று கேட்டேன். கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது டஃபண்டு. வெட்டுனா உப்புக்கல்லாக் கொட்டிரும்." உண்மைதான், டஃபண்டு கண்ணாடியை வடிவம் கொடுத்த பிறகுதான் சூடேற்றிக் குளிர்விப்பார்கள், அப்புறம் அதை வெட்ட முடியாது. இரண்டு தகட்டுக்கு நடுவே பிலிம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியை வெட்டலாம், விளிம்பைத் தேய்த்து மழுக்கிச் சட்டத்துக்குள் உட்காரவைக்கலாம். நெஞ்சுக்கு நேரே நிற்கிற கண்ணாடி, அதனால் உடைந்தாலும் சிதறக்கூடாது.

அக்ரிலிக் மலிவு, வெட்டுவதும் சுலபம். ஆனால் தனுஷ்கோடி மணல் பட்ட அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் ஒரே ஒருமுறை துடைத்தால் போதும், சாயங்கால வெயில் எதிரே வரும்போது முழுக்க மூட்டமாகத் தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்குங்கள். பெட்ரோல், தின்னர் பக்கத்திலேயே வரக்கூடாது, வெடிப்பு விடும். வெயிலில் அது நீளவும் செய்யும்: 30 செ.மீ. தகடு 40 டிகிரி கூடுதல் சூட்டில் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. நீளும். போல்ட் ஓட்டையை இறுக்கமாகப் போட்டவர்களுக்கு மூலையில் கீறல் விழுவது இதனால்தான்.

எந்தக் கண்ணாடி போட்டாலும் காற்றுக் கண்ணாடி, அதாவது காகிள்ஸ், கட்டாயம். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் மணல் பக்கவாட்டில் வரும், ஏரோ ஸ்கிரீனுக்கோ பக்கம் என்பதே கிடையாது.

காகித விஷயம் சுருக்கமாக: 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். அதனால் பெரிய கண்ணாடியை அறுத்து எறிவது முட்டாள்தனம். ஐப்பசி மழையில் வைப்பரோடு அதுதான் வேண்டும்.

நண்பரின் நான்கு ஓட்டைகளில் இரண்டை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. மற்ற இரண்டில் ரப்பர் மூடி. டி.சி.யின் பழைய போல்ட்டுகள் என் ஷெட்டில் ஒரு முறுக்கு டப்பாவில் இருக்கின்றன, இடது வலது என்று மேலே எழுதி.