நீண்ட இடைவெளிக்குப் பின் மறுபடி லாரி ஓட்ட: கைக்கும் காலுக்கும் புதுப் பழக்கம்

பல வருடம் லாரியைத் தொடாதவருக்கும் கியர், கிளட்ச், திருப்பத்தில் வண்டியின் நீளத்தைக் கணக்கில் வைப்பது எல்லாம் சீக்கிரமே திரும்பி வந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பழைய வண்டிக்குச் சரியாக இருந்த சில பழக்கங்கள் காலிலும் கையிலும் அப்படியே தங்கியிருக்கும். இன்றைய வண்டியில் அவை ஆளையும் வண்டியையும் ஆபத்தில் தள்ளும். அதனால் மறந்ததை மீட்பதோடு, மறக்காமல் இருப்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உடம்பு

லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா, கனரக வண்டிப் பிரிவு இன்னும் செல்லுமா, மருத்துவச் சான்று புதுப்பிக்க வேண்டுமா என்று பார்ப்பதே முதல் வேலை. புதுப்பித்த லைசென்ஸும் சான்றும் கைக்கு வரும்வரை சும்மா காத்திருக்காமல் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். பகலில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போதாது. எதிரே வரும் வெளிச்சம் பட்டபின் பார்வை தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் முக்கியம். வயது ஏற ஏற அந்த நேரம் நீளும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், வேளை தவறிச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் அபாயம் உண்டா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, பகலில் கண் சொக்குபவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு ஸ்டியரிங் முன்னால் ஆளைச் சாய்த்துவிடும்; அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

கேபினில் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்கட்டும். முகம் வண்டியைப் பார்த்தபடியே இறங்குங்கள். குதிக்க வேண்டாம். வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே முட்டியைக் கெடுத்துக்கொள்ளும் வழி அதுதான்.

சாவி போடும் முன்

வண்டியை ஒரு சுற்று சுற்றி வர பத்து, பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஜோடிச் சக்கரங்களில் உள்பக்க டயர்தான் ஏமாற்றும். காற்று இறங்கியிருந்தாலும் வெளி டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் பார்வைக்குத் தெரியாது. காற்றை டயர் சூடாகும் முன் கேஜ் வைத்தே பாருங்கள். தட்டிப் பார்ப்பது முழுதாக இறங்கிய டயரைக் காட்டிக்கொடுக்கும். பாதி இறங்கியதைக் காட்டாது.

வீல் நட்டுகளைக் குனிந்து பாருங்கள். நட்டிலிருந்து வெளிநோக்கி மெல்லிய துருக்கோடு ஓடியிருந்தால், அல்லது நட்டைச் சுற்றி இரும்பு உரசிப் பளபளத்தால், அந்த நட்டு தளர்ந்து ஆடுகிறது. சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியானால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, சரியான அளவுக்கு மறுபடி முறுக்க வேண்டும்.

அடுத்தது ஏர், அதாவது பிரேக்கை இயக்கும் காற்றழுத்தம். பெரும்பாலான வண்டிகளில் 8 பார் அளவுக்கு, ஓட்டுநர் பேச்சில் 8 கிலோ, ஏறி நிற்கும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, என்ஜினை அணைத்துவிட்டு, பெடலை மிதித்தபடி ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். முதல் மிதியில் இறங்குவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன்பின் தனி லாரியில் 0.2 பாருக்கு மேலோ, டிரெய்லர் மாட்டிய வண்டியில் 0.3 பாருக்கு மேலோ இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு சாவியை மட்டும் ஆனில் வைத்து, பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்குங்கள். 4, 5 பார் வாக்கில் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். காற்று டாங்கியைத் திறந்துவிடும்போது வழக்கத்துக்கு மேல் தண்ணீரோ எண்ணெயோ வந்தால், ஏர் டிரையரோ கம்ப்ரஸரோ பழுதாகியிருக்கிறது.

விட்டுவிட வேண்டிய பழக்கங்கள்

முதலாவது, பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பது. ஏபிஎஸ் இல்லாத காலத்தில் சக்கரம் பூட்டாமல் இருக்க அப்படிச் செய்தோம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் அவசரத்துக்கு ஒரே அழுத்தாக மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிப்பதை அந்தக் கருவியே நம் காலைவிட வேகமாகச் செய்கிறது. நாமும் சேர்ந்து மிதித்தால் நிற்கும் தூரம் நீள்வதோடு காற்றும் வீணாகும்.

இரண்டாவது, இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. டீசல் மிச்சமாகும் என்று அன்று சொன்னது இன்று பொருந்தாது. மின்னணு முறையில் டீசல் செலுத்தும் என்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும். அதைவிடப் பெரிய இழப்பு என்ஜின் பிடிமானம் போவது. சுமை முழுவதும் பிரேக் டிரம்மில் விழும். டிரம் சூடாகி விரிந்து லைனிங்கை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும், கருகிய வாடை வரும், பிறகு பிடிக்காது.

சரியான முறை இது: இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கையோ ரிடார்டரையோ (சக்கர பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் கருவிகள்) போட்டுக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்துக்கு 40 கி.மீ. வேகம் என்று வைத்தால், முள் 40-ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து 32-க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுங்கள். மறுபடி 40 வரும்போது மறுபடி மிதியுங்கள். இடைப்பட்ட நேரத்தில் டிரம் கொஞ்சம் ஆறும். மழையில், அதுவும் வெறும் வண்டியில், ரிடார்டரைக் குறைக்கவோ அணைக்கவோ வேண்டும், பின்சக்கரம் வழுக்கிவிடும்.

கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோ கியர் வண்டி கிடைத்தால், ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள். பெடல்தான் இல்லை, கிளட்ச் உள்ளே இருக்கிறது, அது தேய்ந்து கருகும். பிரேக்கில் நிறுத்துங்கள். பிரேக் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டரில் ஸ்பேனர் போட்டு முறுக்கும் பழைய வேலையும் வேண்டாம். அதில் பிரேக் தளர்ந்துகொண்டே இருந்தால் பழுது வேறெங்கோ இருக்கிறது, மெக்கானிக் பார்க்க வேண்டும்.

நீல மூடி போட்ட டாங்கி, புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலுக்கானது. தவறி அதை டீசல் டாங்கியில் ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். பம்ப் ஓடாதவரை டாங்கியைக் காலி செய்து கழுவுவதோடு தப்பிக்கலாம். ஓடிவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போய்விடும். புகை வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வதைக் காட்டும் விளக்கு எரியும்போது என்ஜினை நடுவில் அணைக்க வேண்டாம். அந்த நேரம் சைலன்சர் கடும் சூடாக இருக்கும், காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தவும் கூடாது.

இடைவெளியும் ரிவர்ஸும்

கார் மட்டும் ஓட்டி வந்தவர்களுக்கு முன்வண்டியை ஒட்டிப் போகும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏர் பிரேக்கில் காற்று சக்கரம்வரை போய்ச் சேரவே சுமார் அரை நொடி ஆகும், 80 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 11 மீட்டர் போயிருக்கும். வண்டி நீளத்தில் 3 மீட்டருக்கு ஒரு நொடி, 65 கி.மீ.க்கு மேல் இன்னும் ஒரு நொடி என்று இடைவெளி விடுங்கள். அந்த வேகத்துக்கு மேல் 12 மீட்டர் வண்டிக்கு 5 நொடி. வெறும் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நம்ப வேண்டாம். சுமை இல்லாததால் டயர் துள்ளும், பிடிப்பு குறையும்.

டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்க, ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ, டிரெய்லரின் பின்புறம் அந்தப் பக்கமே போகும். திறந்த மைதானத்தில் 30 மீட்டர் நேராகப் பின்னால் வருவதை முதலில் பழகுங்கள். கண்ணாடியில் ஒரு பக்கம் டிரெய்லர் பெரிதாகத் தெரிய ஆரம்பித்ததும் சின்னதாகத் திருத்துங்கள். தாமதித்துப் பெரிதாகத் திருத்தினால் முன்வண்டியும் டிரெய்லரும் கத்தி போல மடங்கும். சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். சைகை காட்டுபவர் கண்ணாடியில் மறைந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

முதல் மாதம்

வேலை கொடுப்பவரிடம் எத்தனை வருட இடைவெளி என்று மறைக்காமல் சொல்லி, இரண்டு மூன்று நாள் அனுபவஸ்தர் பக்கத்தில் உட்கார ஏற்பாடு கேளுங்கள். வெறும் வண்டி, பிறகு பாதி லோடு, பிறகு முழு லோடு, எல்லாம் பகலில், தெரிந்த பாதையில். தண்ணீரோ எண்ணெயோ அலையும் டாங்கர் லோடை முதல் மாதம் ஒப்புக்கொள்ள வேண்டாம். நிறுத்தினபின்பும் உள்ளே இருப்பது முன்னால் தள்ளும்.

இரவு ஓட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 2 முதல் 6 மணி வரை உடம்பு தூக்கத்தையே கேட்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் நிதானம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிதானத்துக்குச் சமமாகக் குறைகிறது. ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணயருங்கள். எழும் நேரத்துக்குக் காபி வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். எழுந்ததும் நேராகச் சாவியைத் திருப்பாமல், இறங்கி ஒரு முறை வண்டியைச் சுற்றி நடந்து டயரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.