கன்னியாகுமரி சூரிய உதயமும் கையிலிருக்கும் போனும்

முதலில் லென்ஸைத் துடையுங்கள். கடற்கரையில் உப்புக்காற்று அரை மணி நேரத்தில் ஒரு படலம் போட்டுவிடும், அப்புறம் சூரியனைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் வந்து எல்லாப் படமும் பாழ். பனியன் துணி போதும்.

உதயத்துக்கு முக்கால் மணி முன்னாடியே போய்விடுங்கள். சூரியன் வந்தபிறகு எடுப்பதைவிட அதற்கு முந்தைய நீலமும் செம்மையும்தான் எனக்குப் பிடிக்கும். வெளிச்சம் குறைவு என்பதால் போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து, 3 விநாடி டைமர் வைத்து எடுங்கள். கை ஆட்டம் இருக்காது.

பெரும்பாலோர் தவறுவது வெளிச்சத்தில்தான். சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு அப்படியே அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்து, வானத்தின் வெளுப்பு போய் நிறம் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். 133 அடி வள்ளுவர் சிலை கறுத்துப்போனால் போகட்டும், அந்த நிழலுருவம்தான் படம். ரா (RAW, படத்தைச் சுருக்காமல் அப்படியே சேமிப்பது) வசதி போனில் இருந்தால் போட்டுவிடுங்கள், பின்னால் நிழலை மீட்க உதவும்.

சிலையைப் பெரிதாக்க இரண்டு விரலால் இழுக்காதீர்கள், புள்ளி புள்ளியாகிவிடும். அதற்குப் பதில் குனிந்து, ஈரப் பாறையோ கட்டிக்கிடக்கும் வள்ளமோ முன்னால் வருமாறு நில்லுங்கள். கேமரா திரையில் குறுக்கும் நெடுக்குமாக வரும் கிரிட் கோட்டைப் போட்டுக் கடல்மட்டம் சாயாமல் பாருங்கள். சாய்ந்த கடலைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.