சிறு ஆட்புல அணியொன்றின் சர்வதேசப் போட்டிப் பதிவேட்டைத் தொகுப்பது எப்படி?

துரையப்பா விளையாட்டரங்குக்கு இறுதியாட்டம் பார்க்க வருகிற பெரியவர்களிடம், குருநகர் பாடும்மீனும் நாவாந்துறை சென். மேரிஸும் இதுவரை எத்தனை தடவை மோதியிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள்; ஆளுக்கொரு கணக்கு வரும். இதற்கு மறதியை மட்டும் குற்றஞ்சொல்ல முடியாது. ஒருவர் சிநேகபூர்வ ஆட்டங்களையும் சேர்த்து எண்ணுவார், இன்னொருவர் லீக் ஆட்டங்களை மட்டும் எண்ணுவார், மூன்றாமவர் மழையால் பாதியில் நின்ற ஆட்டத்தையும் விடமாட்டார். எதை எண்ணுவது என்ற விதி முதலில் வகுக்கப்படாவிட்டால், எவ்வளவு உழைத்துச் சேர்த்த எண்ணும் பிறரின் கேள்விக்கு நிற்காது.

தேசிய அணிகளின் பதிவேட்டிலும் இதே சிக்கல் உண்டு. பிரேசில் போன்ற அணியின் பட்டியலில் ஓர் ஆட்டம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. மக்காவு, ஜிப்ரால்டர், அமெரிக்க சமோவா போன்ற ஆட்புலங்களின் அணிகளுக்கோ ஒரே ஒரு நிரை இடம்மாறினால் ‘முதல் வெற்றி’ என்ற செய்தியே மாறிவிடும். ஆகையால் இக்கலையைப் பழக விரும்புகிறவர் சிறு அணியொன்றை எடுத்துக்கொள்வதே நல்லது. ஆட்டங்கள் குறைவு என்பதால் வேலை ஒப்பேறும். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு வழக்கைக் கிளப்பும் என்பதால் பாடமும் மிகுதி.

விதியை முதலில் எழுதுங்கள்

கொப்பியின் முதற்பக்கத்தில், அல்லது எக்செல் தாளின் முதல் ஏட்டில், பதிவேடு எந்த நாளில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். இதற்கு ஜிப்ரால்டரே சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள உதைபந்தாட்டச் சங்கம் 1895 இல் உருவானது. அவ்வணி தீவுகளுக்கிடையிலான விளையாட்டு விழாவில் பல ஆண்டுகள் ஆடி, 2007 இல் அதன் உதைபந்தாட்டப் பட்டத்தையும் வென்றது. ஆயினும் ஸ்பெயினின் நீண்ட எதிர்ப்பைத் தாண்டி ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமான யூஈஎப்ஏயில் 2013 மே மாதத்தில்தான் அது முழு உறுப்பினரானது. பீபாவில் சேர்ந்தது 2016 மே மாதத்தில். எனவே தொடக்கப் புள்ளியாக மூன்று நாள்கள் போட்டியிடுகின்றன. தீவு விளையாட்டு விழாவைச் சேர்த்தால் ஒரு கணக்கு, 2013 நவம்பர் 19 அன்று ஸ்லோவாக்கியாவுடன் 0-0 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டத்திலிருந்து தொடங்கினால் இன்னொரு கணக்கு, பீபா உறுப்புரிமைக்குப் பின் மட்டும் என்றால் மற்றொன்று. என் தெரிவு இரண்டாவது. ஏனெனில் அன்றுமுதல் எதிரணிகள் தம் முதல்தர அணியை இறக்கி, அந்த ஆட்டத்தைத் தம் பதிவேட்டிலும் எழுதின. முந்திய ஆட்டங்களை வீசிவிட வேண்டியதில்லை; தனித் தாளில் வைத்து, கூட்டுத்தொகையில் சேர்க்காமல் விடுங்கள்.

இத்தெரிவின் விளைவைக் கவனியுங்கள். 2014 ஜூன் 4 அன்று மால்ட்டாவை 1-0 என வென்றதே ஜிப்ரால்டரின் முதல் வெற்றி என்று என் விதிப்படி எழுதலாம். பீபா உறுப்புரிமையிலிருந்து தொடங்குபவர் அதை எழுத முடியாது. அது சிநேகபூர்வ ஆட்டம் என்பதால், சுற்றுப்போட்டியொன்றில் பெற்ற முதல் வெற்றி எது என்று கேட்டால் விடை வேறு: 2018 ஒக்டோபர் 13 அன்று யெரெவானில் ஆர்மீனியாவை ஒரு தண்ட உதையால் 1-0 என வென்றது. அன்று ஆட்டத்துக்கு முன் ஜிப்ரால்டரின் கீதத்துக்குப் பதிலாகத் தவறுதலாக லிக்டன்ஸ்டைனின் கீதத்தை ஒலிக்கவிட்டார்கள். மூன்று நாள் கழித்து அதே லிக்டன்ஸ்டைனையும் ஜிப்ரால்டர் 2-1 என வென்றது. இப்படியான செய்திகளுக்குக் குறிப்பு நிரல் ஒன்று இருக்கட்டும். ‘முதல்’ என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எந்த வகையில் முதல் என்பதையும் அதனுடன் சேர்த்து எழுதப் பழகுங்கள்.

இரண்டாவது விதி, எது முழுத் தகுதியுள்ள சர்வதேச ஆட்டம் என்பது. இரு பக்கமும் உறுப்பினர் சங்கங்களின் முதல்தர அணிகளாக இருக்க வேண்டும். இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட அணியையோ தெரிவு அணியையோ ஒரு பக்கம் இறக்கியிருந்தால் அது இப்பதிவேட்டில் சேராது. சிநேகபூர்வ ஆட்டத்தில் அளவுக்கு மீறி மாற்று வீரர்களை இறக்குவதைத் தடுக்க, ஓர் அணிக்கு ஆறு மாற்றங்கள் என்ற எல்லையைப் பீபா 2004 இல் கொண்டுவந்ததையும் மறக்க வேண்டாம். மக்காவுக்கும் ஹொங்கொங்குக்கும் இடையே 1937 முதல் நடந்துவரும் துறைமுகப் போட்டியைப் பதியும்போது, முதல்தர அணி பற்றிய இவ்விதி உங்களைச் சோதிக்கும். ஒவ்வோர் ஆண்டிலும் யார் எந்த அணியை இறக்கினார்கள் என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும், தொடர் முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்கவோ தள்ளவோ கூடாது.

நிரல்களும் அவற்றின் பொறிகளும்

திகதி, எதிரணி, இடம், மைதான வகை, சுற்றுப்போட்டி, நம் அணியின் கோல், எதிரணியின் கோல், ஆட்ட நிலை, மூலம், குறிப்பு: இத்தனை நிரல்கள் போதும். கோல் எண்ணிக்கையை ஒரே கட்டத்தில் 2-1 என்று எழுதாமல் இரண்டு நிரல்களாகப் பிரியுங்கள். எக்செல் சில வேளை அதைத் திகதியாக மாற்றிவிடும் என்பது ஒரு காரணம். சில பட்டியல்கள் உள்ளூர் அணியின் கோலை முன்னும், வேறு சில வென்ற அணியின் கோலை முன்னும் எழுதுவதால் தலைகீழாகப் பதிந்துவிடும் ஆபத்து மற்றது. நம் அணியின் கோல் எப்போதும் முதல் நிரலிலேயே வரவேண்டும்.

திகதி என்பது ஆட்டம் நடந்த இடத்தின் திகதி. அமெரிக்க சமோவா அப்பியாவில் தொங்காவை 2-1 என வென்ற நாள் 2011 நவம்பர் 22. யாழ்ப்பாணத்தில் அப்போது 23 பிறந்துவிட்டது. செய்தி நிறுவனங்கள் தத்தம் ஊர்த் திகதியை இட்டுவிடுவதால், ஒரே ஆட்டம் இரு நாள்களில் இரு ஆட்டங்களாகப் பதிவாவது பசிபிக் அணிகளின் பட்டியல்களில் அடிக்கடி வரும் கோளாறு.

மைதான வகையில் ‘உள்ளூர்’, ‘வெளியூர்’, ‘பொது’ என்ற மூன்றோடு நான்காவதாக ‘பெயரளவில் உள்ளூர்’ என்ற வகையையும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்ரால்டர் ஸ்லோவாக்கியாவை ‘வரவேற்றது’ போர்த்துக்கலின் பாரோ நகரில். பரோயே தீவுகள் 1990 செப்டெம்பர் 12 அன்று ஒஸ்திரியாவை 1-0 என வீழ்த்தி ஐரோப்பாவைத் திகைக்கவைத்ததும் தம் மண்ணில் அல்ல. சொந்தத் தீவுகளில் புல்தரை மைதானம் இல்லாததால் சுவீடனின் லாண்ட்ஸ்க்ரூனாவில். இவற்றை வெறுமனே ‘உள்ளூர்’ என்று பதிந்தால், சொந்த மண்ணின் அனுகூலம் பற்றி நீங்கள் பின்னர் கணக்கிடும் எதுவும் தவறாகிவிடும்.

எதிரணியின் பெயரை அந்நாளில் வழங்கிய வடிவிலேயே எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைக் குறியுங்கள். 1972 க்கு முன் நம் நாடு சர்வதேசப் பட்டியல்களில் ‘சிலோன்’. சமோவா 1997 வரை ‘மேற்குச் சமோவா’. அதனருகே அமெரிக்க சமோவா என்ற வேறோர் அணி இருப்பதால், இரண்டையும் கலந்துவிடாதிருக்கக் கூடுதல் கவனம் தேவை.

ஆடாமல் கிடைத்த வெற்றி, ஆடியும் அழிந்த தோல்வி

பதிவேட்டின் கடினமான பகுதி ‘ஆட்ட நிலை’ என்ற நிரல்தான். இதற்கு இலங்கையே சம்பந்தப்பட்ட வழக்கொன்று உண்டு. கட்டார் உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாணின் முதற்சுற்றில் இலங்கையும் மக்காவும் மோதின. 2019 ஜூன் 6 அன்று சீனாவின் ஜுஹாய் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் மக்காவு 1-0 என வென்றது. இரண்டாவது ஆட்டம் ஜூன் 11 அன்று கொழும்பில் நடக்கவிருந்தது. ஏப்ரல் 21 இன் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைக் காரணங்காட்டி, பாதுகாப்பு இல்லை என்று மக்காவுச் சங்கம் அணியை அனுப்ப மறுத்தது. பீபாவின் ஒழுக்காற்றுக் குழு அந்த ஆட்டத்தை 3-0 என இலங்கைக்கு வழங்கியது. மொத்தம் 3-1 என்ற கணக்கில் இலங்கை அடுத்த சுற்றுக்குப் போனது.

மக்காவின் பதிவேட்டில் இதை எப்படி எழுதுவது? ஜூன் 6 இன் நிரையில் சிக்கலில்லை: மைதானம் பெயரளவில் உள்ளூர், கோல் 1, எதிர்க்கோல் 0, நிலை ‘ஆடப்பட்டது’. ஜூன் 11 க்கும் ஒரு நிரை வேண்டும். அதன் நிலை ‘வழங்கப்பட்டது’. ஆனால் 0-3 என்ற எண்களைக் கோல் நிரல்களில் இடக்கூடாது, குறிப்பு நிரலில் மட்டும் எழுத வேண்டும். அந்த மூன்று கோல்களை எவரும் அடிக்கவில்லை. அவற்றைக் கூட்டினால் இலங்கை வீரர்களின் கோல்களைக் கூட்டி வரும் தொகைக்கும் அணியின் தொகைக்கும் ஒத்துவராது. மக்காவு இலங்கையிடம் அவ்வாண்டு மைதானத்தில் தோற்கவில்லை என்பதும், சுற்றிலிருந்து வெளியேறியது என்பதும் ஒருங்கே உண்மை. நல்ல பதிவேட்டில் இரண்டும் தெரியவேண்டும்.

இதற்கு நேரெதிரான வழக்கு அடுத்த சுற்றிலேயே வந்தது. 2019 செப்டெம்பரில் கொழும்பில் வட கொரியா இலங்கையை 1-0 என வென்றது. 2021 இல் வட கொரியா தொடரிலிருந்து விலகியதும், அதன் ஆட்ட முடிவுகள் யாவும் குழுப் புள்ளி அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டன. அட்டவணையில் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடந்தது, மத்தியஸ்தர் ஊதினார், கோல் விழுந்தது. இங்கே நிலை ‘ஆடப்பட்டது, அட்டவணையில் நீக்கப்பட்டது’. கோல்கள் அணியின் மொத்தக் கணக்கில் சேரும், சுற்றுப்போட்டிக் கணக்கில் சேரா.

சமநிலை தவிர்ப்பு உதைகளையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். கொழும்பில் 2021 இல் நடந்த நான்கு நாடுகள் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கையும் சீசெல்ஸும் 3-3 என நின்றன. கிண்ணத்தைச் சீசெல்ஸ் உதைகளில் வென்றது. இரு பதிவேட்டிலும் அது சமநிலை. தரவரிசைக்குப் பீபா 2018 முதல் பயன்படுத்தும் சூத்திரம் உதைகளில் வென்றவருக்கு 0.75 உம் தோற்றவருக்கு 0.5 உம் தருகிறது என்பதால், தரவரிசையை வைத்து வெற்றி தோல்வியைப் பின்னோக்கி ஊகிக்க முயல வேண்டாம். மேலதிக நேரத்தில் விழும் கோல் மட்டும் சாதாரணக் கோலாகவே எண்ணப்படும்.

கூட்டலும் சராசரியும்

அமெரிக்க சமோவாவின் இரு தொடர்களை எடுத்துக் கூட்டிப் பார்ப்போம். 2001 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் கொப்ஸ் ஹாபரில் நடந்த தகுதிகாணில் அவ்வணி பெற்ற முடிவுகள் இவை:

பிஜியுடன் 0-13
சமோவாவுடன் 0-8
அவுஸ்திரேலியாவுடன் 0-31
தொங்காவுடன் 0-5

2011 நவம்பரில் அப்பியாவில்:

தொங்காவுடன் 2-1
குக் தீவுகளுடன் 1-1
சமோவாவுடன் 0-1

ஏழு ஆட்டங்களையும் சேர்த்தால் ஒரு வெற்றி, ஒரு சமநிலை, ஐந்து தோல்விகள். அடித்தது 3, வாங்கியது 60. இந்த ஒற்றை வரியைப் படிப்பவர், ஒரே தரத்தில் தொடர்ந்து நொறுங்கிய அணியொன்றைத்தான் கற்பனை செய்வார். தொடர்வாரியாகப் பிரித்தால் 2011 இல் அடித்தது 3, வாங்கியதும் 3. 2001 இன் சராசரி ஆட்டத்துக்கு 14.25 கோல், அவுஸ்திரேலிய ஆட்டம் ஒன்றே அதை உயர்த்திவிடுகிறது, இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, 10.5 தான். ஆகவே சிறு அணிகளுக்கு வாழ்நாள் கூட்டுத்தொகையை மட்டும் தராமல் தொடர்வாரியாகவும் தாருங்கள். சராசரியை எழுதினால் இடையத்தையும் அருகில் எழுதுங்கள்.

குறிப்பு நிரலும் இங்கே கைகொடுக்கும். 2001 இல் கடவுச்சீட்டுத் தகுதிச் சிக்கலால் வழமையான வீரர்களுள் கோல் காப்பாளர் நிக்கி சலாப்பு ஒருவரே மிஞ்ச, பாடசாலை வயதுப் பிள்ளைகளையும் சேர்த்தே அணி இறங்கியது. அந்த வரி இல்லாமல் 31 என்ற எண்ணை மட்டும் எழுதுவது அவ்வணிக்குச் செய்யும் அநியாயம் என்பேன். பத்தாண்டு கழித்துத் தொங்காவை வென்ற அணியிலும் காப்பாளர் அவரே.

மூலங்களும் சரிபார்ப்பும்

அதே 31 கோல் ஆட்டத்தில் மைதானப் பலகை 32 என்று காட்டியது; மத்தியஸ்தரின் அறிக்கைப்படி 31. அறிக்கைக்கே முதலிடம், அடுத்து இரு சங்கங்களின் பதிவுகள், அடுத்து அன்றைய பத்திரிகை, கடைசியில் பின்னாளில் எழுதப்பட்ட தொகுப்புகள். பீபாவின் இணையத்தளமும், ஆர்எஸ்எஸ்எஸ்எப் என்ற தன்னார்வலர் காப்பகமும் தொடக்கத்துக்குப் போதும். ஈழத்துப் பழைய பத்திரிகைகளில் தேட வேண்டியவர்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிமக் காப்பகம் இருக்கிறது. 1981 இல் யாழ் பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்ட ஊரில், கையில் இருக்கும் பழைய பத்திரிகை நறுக்கைப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமிப்பதை எவரும் மிகை என்று சொல்லமாட்டார்கள்.

சரிபார்க்க எளிய வழி கண்ணாடிச் சோதனை. ஒவ்வோர் ஆட்டமும் இரு அணிகளின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். மக்காவின் தாளில் உள்ள இலங்கை நிரைகளை மட்டும் வடிகட்டி, இலங்கையின் தாளில் உள்ள மக்காவு நிரைகளோடு ஒப்பிடுங்கள். கோல்கள் தலைகீழாகவும், திகதி, இடம், நிலை ஆகியன அப்படியேயும் இருந்தால் சரி. ஒத்துவராத நிரையை அழிக்காமல், இரு மூலங்களையும் குறிப்பில் எழுதி, எதை ஏன் ஏற்றீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். பிறகு வெற்றி, சமநிலை, தோல்வி மூன்றின் கூட்டுத்தொகை ‘ஆடப்பட்டது’ என்று தொடங்கும் நிலையுள்ள நிரைகளின் எண்ணிக்கைக்குச் சமமா என்று பாருங்கள். ஒன்று கூடி நின்றால், பெரும்பாலும் வழங்கப்பட்ட ஆட்டமொன்று உள்ளே நுழைந்திருக்கும்.

வெளியிடும்போது விதிப் பக்கத்தையும் பட்டியலுடன் சேர்த்தே கொடுத்து, கடைசியாகப் பதிந்த ஆட்டத்தின் திகதியைத் தலைப்பின் கீழ் இடுங்கள். புதிய ஆட்டம் ஒன்று நடந்தால் மத்தியஸ்தரின் அறிக்கை வெளியாகும்வரை அந்நிரையைச் சாய்வெழுத்தில் வைத்திருந்து, கூட்டுத்தொகையில் பின்னரே சேருங்கள்.