ஃபார்மேட் போடுவதற்கு முன்: பேச மறுக்கும் என்.வி.டி.ஏ.வைச் சரிசெய்வது

ஐப்பசி அடைமழையில் எங்கள் பாபநாசம் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். யூ.பி.எஸ். பேட்டரி செத்துக்கிடந்த ஓர் இரவு, திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குப் பேசிக்காட்டும் மென்பொருளான என்.வி.டி.ஏ.வின் புதிய பதிப்பை நிறுவிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் கணினியைப் போட்டால் உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும்தான். பேச்சு இல்லை.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. முன்பு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன், செல்போன் வந்து அதை மூட வைத்த பிறகு பேப்பர் படிப்பது, பேங்க் கணக்குப் பார்ப்பது எல்லாம் கணினியில்தான். பதறிப்போய் மறுநாள் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “ஃபார்மேட் போட்டாச்சு சார், இப்ப பளிச்னு இருக்கு” என்றார் கடைத் தம்பி. பளிச்சென்று இருந்து எனக்கென்ன? பல வருஷமாக ரேடியோவிலிருந்து சேர்த்த கச்சேரிகள் போயே போயின. திருவையாறு ஆராதனைப் பதிவுகளும் அதில் அடக்கம். என்.வி.டி.ஏ.வையும் அவர் போட்டுத் தரவில்லை.

அதற்கப்புறம்தான் இதை நானே கற்றுக்கொண்டேன். இப்போது திருத்துறைப்பூண்டியிலிருந்தும் நன்னிலத்திலிருந்தும் “அண்ணே, பேச மாட்டேங்குதுண்ணே” என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்து. டொய்ங் டொய்ங் என்று மேலே ஏறுகிற சத்தம் வருதா?”

அந்த ஏறுமுகச் சத்தம் என்.வி.டி.ஏ. கிளம்புகிறது என்பதற்கான அடையாளம். சத்தம் வந்தும் பேச்சு வராவிட்டால் மென்பொருள் உயிரோடு இருக்கிறது, குரலில்தான் கோளாறு. பாதிப் பேருக்கு அது கோளாறுகூட இல்லை. கை தவறி இன்சர்ட்டும் எஸ்ஸும் சேர்ந்து அழுந்தியிருக்கும். அது பேச்சை நிறுத்தும் விசை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நிலை மாறும் என்பதால், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி அழுத்திப் பாருங்கள். பேச்சு வந்துவிட்டால் போய்க் காபி குடிக்கலாம்.

ஏறுமுகச் சத்தமே வரவில்லையா? விண்டோஸ், கண்ட்ரோல், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு வருகிற, திரையைப் படிக்கும் நரேட்டர் பேசும். அதுவும் ஊமையாக இருந்தால் குற்றம் ஒலியில். எச்.டி.எம்.ஐ. கேபிளில் மானிட்டர் மாட்டியிருந்தால் விண்டோஸ் சில சமயம் சத்தத்தை அங்கே அனுப்பிவிடும்; மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது! யூ.எஸ்.பி. ஹெட்போன் ஒன்றைச் செருகினால் பெரும்பாலும் சத்தம் தானாக அதற்குத் திரும்பிவிடும்.

நரேட்டர் பேசுகிறது, என்.வி.டி.ஏ. மட்டும் பேசவில்லை என்றால் வேலை சுலபம். விண்டோஸ் விசையும் ஆரும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி திறக்கும். அதில் ‘என்விடிஏ’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடு (ஹைபன்) போட்டு, ‘டிஸேபிள்-ஆடான்ஸ்’ என்று ஆங்கிலத்திலேயே எழுதி எண்டர் தட்டுங்கள். துணை நிரல்கள், அதாவது கூடுதலாக நாம் சேர்த்த ஆட்-ஆன்கள், இல்லாமல் கிளம்பும். இப்போது பேசினால் திருடன் அந்தத் துணை நிரல்களில் ஒருவன். வருஷத்தின் முதல் பதிப்பில், அதாவது 2024.1, 2025.1 என்று புள்ளி ஒன்றில் முடிவதில், பழைய துணை நிரல்கள் ஒத்துப்போகாமல் போவது வழக்கம்.

அப்படியும் பேசவில்லையென்றால் அமைப்புகள் கெட்டிருக்கும். ரன் பெட்டியில் சதவீதக் குறி, ‘ஆப்டேட்டா’, மறுபடி சதவீதக் குறி போட்டு எண்டர். வருகிற பட்டியலில் என், வி என்று வேகமாக அடித்தால் ‘என்விடிஏ’ கோப்புறையில் போய் நிற்கும். எஃப்2 அழுத்திப் பெயரை ‘பழசு’ என்று மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், உங்கள் உச்சரிப்பு அகராதியெல்லாம் அதில்தான் இருக்கிறது. இதைச் செய்யாமல் என்.வி.டி.ஏ.வை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பயனில்லை. நீக்கினாலும் அந்தக் கோப்புறை அங்கேயே உட்கார்ந்திருக்கும்; புதிதாக வந்ததும் அதே கெட்ட அமைப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

கடைசி வழி மறுபடி நிறுவுவது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் தொடங்கிய இந்த மென்பொருளுக்குக் காசும் கிடையாது, உரிம எண்ணும் கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதை உருவாக்கும் என்.வி. ஆக்சஸ் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கலாம். இறக்கிய கோப்பில் எண்டர் தட்டினால், நிறுவுவதற்கு முன்பே ஒரு தற்காலிகப் பிரதி பேச ஆரம்பிக்கும். உடனே நரேட்டரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சந்தைக்கடை மாதிரி கத்தும். நடுவில் ஓர் இடத்தில் எல்லாம் அடங்கிவிடும். பயப்படாதீர்கள், விண்டோஸ் அனுமதி கேட்கிறது. அந்தத் திரையைத் தற்காலிகப் பிரதியால் படிக்க முடியாது. ஆல்ட்டும் ஒய்யும் அழுத்தினால் மேலே போகும். அன்றைக்கு என் கணினிக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

இன்னொரு புகார்: ஆங்கிலம் படிக்கிறது, தமிழ் வரி வந்தால் வாய் மூடிக்கொள்கிறது. அது ஆங்கிலக் குரல், தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் அழுத்தி ஈஸ்பீக் என்.ஜி. என்ற பேச்சுப் பொறியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு இன்சர்ட், கண்ட்ரோல், வி அழுத்திக் குரலைத் தமிழாக்குங்கள். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும், ஆனால் ஒரு எழுத்து விடாது. விண்டோஸின் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர். காதுக்கு இதம், எனக்கு வேகம்தான் போதவில்லை.

பேச்சு வந்ததும், கரண்ட் இருக்கும்போதே, ஒரு பென்டிரைவைச் செருகுங்கள். இன்சர்ட்டும் என்னும் அழுத்தி, டூல்ஸ் பட்டியலில் போர்ட்டபிள் பிரதி (நிறுவாமலே ஓடும் என்.வி.டி.ஏ.) உருவாக்கும் வரியைத் தேடி அதில் ஒன்றைப் போட்டுவையுங்கள். அடுத்த தடவை இணையம் இல்லாவிட்டாலும் அது பேசும். என்னுடையது சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வைத்தால்தான் வீட்டில் யாரும் சினிமா ஏற்ற எடுத்துப்போக மாட்டார்கள்.