அரசு டெண்டர் என்று வந்த கடிதம் உண்மையா? பணம் கட்டும் முன் சரிபார்க்கும் முறை

எங்களுடையது சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட், துண்டு போடும் சின்ன யூனிட். கொஞ்ச நாள் முன்பு ஓர் அரசுத் துறையின் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. கோபுர முத்திரை, ந.க.எண், பச்சை மையில் கையெழுத்து எல்லாம் இருந்தது. 2,000 பெட்ஷீட் வேண்டுமாம். "வெண்டர் பதிவுக் கட்டணம்", ஈஎம்டி (டெண்டர் போடுபவர் கட்டும் முன்வைப்புத் தொகை) இரண்டையும் அன்று மாலைக்குள் கட்ட வேண்டுமாம். பணம் கட்டாமல் சரிபார்த்தேன், போலி. அன்று செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு), ஜிஎஸ்டி பதிவெல்லாம் ஏற்கெனவே இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கடிதத்தை மூடி வையுங்கள்

முத்திரை சரியா, தமிழில் பிழை இருக்கிறதா என்று கடிதத்தையே உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. உண்மையான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பை இறக்கி, தொகையையும் வங்கிக் கணக்கையும் மட்டும் மாற்றி அனுப்பினால் அதில் ஒரு பிழையும் இருக்காது. கடிதத்தில் உள்ள லிங்க்கை அழுத்த வேண்டாம், அதில் உள்ள போன் நம்பருக்கும் கூப்பிட வேண்டாம். அந்த நம்பரில் எடுப்பவர் "ஆமாம் சார், எங்கள் ஆபீஸ்தான்" என்றுதானே சொல்வார்!

படி 2: சரியான தளத்துக்குப் போங்கள்

தமிழக அரசுத் துறைகளுக்கு டிஎன்டெண்டர்ஸ் டாட் ஜிஓவி டாட் இன். மத்திய அரசுக்கு ஈபுரொக்யூர் டாட் ஜிஓவி டாட் இன். அரசு அலுவலகங்கள் ஆன்லைனில் பொருள் வாங்கும் ஜெம் தளத்துக்கு ஜெம் டாட் ஜிஓவி டாட் இன். முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவது வேறு தளமாக இருக்கலாம்.

முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள். கடைசியில் "டாட் ஜிஓவி டாட் இன்" என்று இருக்க வேண்டும், ஜிஓவிக்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும். புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு போட்டு "டிஎன்டெண்டர்ஸ்-ஜிஓவி டாட் இன்" என்று வைத்தால் அது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பெயர். புள்ளியோடு வரும் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும். இதை லேப்டாப்பில் செய்வதுதான் என் விருப்பம். போன் பிரவுசரில் முகவரி பாதி மறைந்துவிடும், அந்தக் கோடு கண்ணில் படாது.

படி 3: டெண்டரைத் தேடுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். கடிதத்தில் இருந்த ந.க.எண்ணை "டெண்டர் ஐடி" பெட்டியில் போட்டுப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. வராதுதான். ந.க.எண் என்பது அலுவலகத்தின் கோப்பு எண், எந்தக் கடிதத்திலும் இருக்கும். டெண்டர் ஐடி வேறு. அது தளமே கொடுப்பது: முதலில் ஆண்டு, பிறகு துறையின் சுருக்கப் பெயர், ஒரு நீள எண், கடைசியில் 1 போல ஓர் இலக்கம், நடுவில் எல்லாம் அடிக்கோடு. ஜெம் என்றால் ஜெம், ஆண்டு, பி, எண் என்று சாய்கோடு போட்டு வரும்.

கடிதத்தில் ஐடி இல்லாவிட்டால், முகப்பிலேயே ஐடி, தலைப்பு, ரெஃபரன்ஸ் நம்பர் மூன்றில் எதை வைத்தும் தேட ஒரு பெட்டி இருக்கிறது. ந.க.எண்ணை அங்கே போடுங்கள். அதிலும் வரவில்லையா? "டெண்டர்ஸ் பை ஆர்கனைசேஷன்" போய், அந்தத் துறையைத் திறந்து, பட்டியலைக் கண்ணாலேயே பாருங்கள். கடைசித் தேதி முடிந்தவை இந்தப் பட்டியலில் இருக்காது, அவற்றை "டெண்டர் ஸ்டேட்டஸ்", "ஆர்க்கைவ்" பகுதிகளில்தான் தேட வேண்டும். கேப்ச்சா எழுத்துகள் பாடாய்ப் படுத்தும். பொறுமை வேண்டும்.

இதற்கெல்லாம் லாகின் தேவையில்லை. காசு கேட்கும் டெண்டர் அலர்ட் சேவைகளும் ஆரம்பத்தில் தேவையில்லை. அவை மோசடி என்று சொல்லவில்லை, இதே பட்டியலைத்தான் மெயிலில் அனுப்புகிறார்கள்.

படி 4: பணம் யாருக்குப் போகிறது?

டெண்டர் கிடைத்துவிட்டால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், நகல் எடுத்து மாற்றியதாக இருக்கலாம். தளத்தில் அந்த டெண்டரின் விவரப் பக்கத்தைத் திறந்தால் டெண்டர் கட்டணம், ஈஎம்டி தொகை, அது யார் பெயரில் கட்டப்பட வேண்டும், அழைக்கும் அதிகாரியின் பதவி, முகவரி எல்லாம் இருக்கும். உங்களுக்கு வந்த கடிதத்தை இப்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆன்லைனில் கட்டுவதென்றால் தளத்துக்குள் லாகின் செய்து, டெண்டர் போடும் வழியிலேயே கட்ட வேண்டியிருக்கும். டிடி என்றால் அதிகாரியின் பதவிப் பெயரில் எடுக்கச் சொல்வார்கள். ஒரு தனிநபரின் யுபிஐக்கோ சேமிப்புக் கணக்குக்கோ அனுப்பச் சொன்னால் அத்தோடு முடிந்தது, மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஜெம்மில் விற்பனையாளர் பதிவு இலவசம். உத்யம் பதிவும் இலவசம். இந்த இரண்டுக்கும் "அரசுக் கட்டணம்" என்று எவராவது கேட்டால் அது அவருடைய சொந்தக் கட்டணம். மத்திய அரசு, பொதுத்துறை நிறுவன டெண்டர்களில் குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 2012ஆம் ஆண்டு கொள்முதல் ஆணைப்படி டெண்டர் படிவம் இலவசம், ஈஎம்டியிலும் விலக்கு உண்டு. ஆகவே உத்யம் வைத்திருக்கும் உற்பத்தியாளரிடம் ஒரு மத்திய அரசு நிறுவனம் ஈஎம்டியை அவசரமாகக் கேட்கிறது என்றால் அதுவே உறுத்த வேண்டும்.

படி 5: தேதியைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகளில் 2 கோடி ரூபாய் வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்று இருக்கிறது. குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். "இன்று மாலை 5 மணிக்குள்" என்பது இதில் எங்கே வருகிறது?

படி 6: அலுவலகத்துக்கே போன் செய்யுங்கள்

துறையின் சொந்தத் தளத்திலோ மாவட்ட நிர்வாகத் தளத்திலோ இருக்கும் லேண்ட்லைன் எண்ணுக்கு, பகல் நேரத்தில். "கொள்முதல் பிரிவில் கொடுங்கள்" என்று கேட்டு, டெண்டர் ஐடியைச் சொல்லுங்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போய்விடுவதே என் வழி.

ஆன்லைனில் டெண்டர் போடும்போது பயன்படும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பற்றி ஒரு வார்த்தை: கிளாஸ் 3 டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) வாங்கி உங்கள் பீரோவிலேயே வையுங்கள். "நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஏஜென்ட் டோக்கனையும் பின் நம்பரையும் வாங்கிக்கொண்டால், உங்கள் பெயரில் அவர் எதற்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம்.

பின்சேர்க்கை 1: "மெயில் ஜிமெயிலில் இருந்து வந்தது, அப்போ போலிதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சின்ன அலுவலகங்கள் பல இன்னும் ஜிமெயிலில்தான் ஓடுகின்றன. அனுப்பும் பெயரைப் போலியாகக் காட்டவும் முடியும் என்பதால், ஜிஓவி மெயில் என்பதாலேயே உண்மை என்றும் ஆகிவிடாது. படி 3, 4 இரண்டையும் செய்யாமல் இருக்க முடியாது.

பின்சேர்க்கை 2: ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வந்தது வேறு ரகம். "ராணுவ முகாமுக்குச் சரக்கு வேண்டும், எங்கள் கணக்குப் பிரிவு முன்பணம் அனுப்பும், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்றார்களாம். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பரே தேவையில்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும், அவ்வளவுதான்.

பின்சேர்க்கை 3: ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்களுக்கு. முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், பிறகு உங்கள் வங்கிக்கு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் கிடைக்க வாய்ப்பு, அதனால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், நெஃப்ட் என்றால் 16 எழுத்து யுடிஆர் எண்ணைக் (வங்கி தரும் பரிவர்த்தனை எண்) கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அந்த பிடிஎஃப்பை உண்மையான துறை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், தங்கள் பெயரில் போலி ஆர்டர் சுற்றுவது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.