கூச்ச சுபாவக்காரருக்கு: தெரிந்த முகத்தை நெருங்கிய சிநேகிதமாக்குவது எப்படி?

வன்னியில் கூச்சப்படுகிற ஒருவருக்கு ஆட்களைத் தெரியாமல் இருப்பதில்லை. சந்தைக்குப் போனால் பத்துப் பேர் தலையாட்டுவார்கள். "சுகமோ?" "ஓம், இருக்கிறம்." அதோடு கதை முடிந்துவிடும். கூடப் படித்தவர்கள் இடப்பெயர்வுகளில் சிதறிப்போனார்கள், பலர் வெளிநாட்டில். இடமாற்றம் கிடைத்துக் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வந்தவருக்கு அந்தப் பழைய வட்டமும் இல்லை. முப்பது நாற்பது வயதில் ஒரு நெருக்கத்தை முதலிலிருந்து கட்டியெழுப்ப நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

படி 1: ஒருவர், மிஞ்சினால் இருவர்

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் ஓரளவு சிநேகிதராக ஏறத்தாழ 50 மணித்தியாலம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நெருங்கிய சிநேகிதராக 200 மணித்தியாலத்துக்கு மேல். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால் முதல் 50க்கே அரை வருடம் போய்விடும். அதே நேரத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஒருவரோடும் நெருக்கம் வராது.

யாரைத் தெரிவது? ஏற்கெனவே கிழமைக்கு ஒருதரமாவது காண்பவர். சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பவர். எல்லாவற்றையும்விட, நீங்கள் ஏதும் கேட்டால் பதில் சொல்லிவிட்டு "நீங்கள் எப்பிடி?" என்று திருப்பிக் கேட்பவர். ஊரே கொண்டாடுகிற கலகலப்பான ஆளைத் தேடாதீர்கள். அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம் நிற்கும்.

படி 2: கைக்கு வேலை உள்ள இடம்

கூச்சம் உள்ளவரை எதிரெதிரே கதிரையில் இருத்திக் "கதையுங்கோ" என்றால் வாய் வராது. பக்கத்தில் நின்று ஒரு வேலை செய்யும்போது வரும். கோயில் தொண்டு, சனசமூக நிலையச் சிரமதானம், மாதர் சங்கம், பின்னேரக் கரப்பந்தாட்டம், கலியாண வீட்டுப் பலகாரச்சூடு, முதல்நாள் இரவு மரக்கறி வெட்டு: எல்லாம் நல்லவை. வற்றாப்பளை அம்மன் பொங்கல் காலத்தில் தண்ணீர்ப் பந்தலில் நின்றால் பல மணித்தியாலம் ஒரே ஆளோடு நிற்பீர்கள். சம்பளத்துக்காக ஒரே கந்தோரில் இருக்கிற நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். விரும்பிச் சேர்ந்து நிற்கிற நேரம்தான் ஒட்டும்.

போனவுடன் ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேட்டு வாங்குங்கள்: தேங்காய் துருவுவது, வலை கட்டுவது, வருகைப் பதிவு எழுதுவது. வேலை இருந்தால் "நான் எங்க நிக்கிறது?" என்ற தவிப்பு இராது. பத்து நிமிடம் முந்திப் போங்கள். அப்போது இரண்டு பேர்தான் இருப்பார்கள், கதைப்பது லேசு. கூட்டம் சேர்ந்தபிறகு போகிறவர் ஓரமாக நின்று போனைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

படி 3: விட்ட கதையைத் தொடுவது

"வேலையெல்லாம் எப்பிடி?" என்றால் "பரவாயில்லை" என்பதுதான் பதில். போன முறை அவர் சொன்னதிலிருந்து கேளுங்கள்: "தண்ணி மோட்டர் பழுதெண்டு சொன்னீங்கள் அண்ணை, சரிவந்திட்டுதோ?" இதற்கு ஞாபகசக்தி தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் போனில் இரண்டு வரி குறித்துவையுங்கள்: மகளுக்கு ஓ/எல் சோதனை, தாய்க்குக் கண் ஒப்பரேஷன். அடுத்தமுறை போகமுன் ஒருதரம் பாருங்கள்.

படி 4: உங்களுடையதையும் வைப்பது

பலர் சறுக்குவது இங்கேதான். கேள்வி கேட்பது பாதுகாப்பு என்பதால் கூச்சக்காரர் கேட்டுக்கொண்டே இருப்பார், தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். பதிவு, விசாரணை என்று எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லிக் களைத்த சனம் இது. கேள்வி மட்டும் வந்தால் மனம் பூட்டிக்கொள்ளும். இரண்டு கேட்டால் ஒன்று சொல்லுங்கள்.

உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் குழுவினரும் 1997இல் செய்த பரிசோதனையில், அந்நியர்கள் இருவர் இருவராக 45 நிமிடம் மாறிமாறி ஒரே கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கேள்விகள் லேசானதில் தொடங்கிப் படிப்படியாக ஆழமாகப் போயின. முடிவில் அவர்களுக்குள் நெருக்கம் கூடியிருந்தது. இருவரும் சொல்வதும் மெல்ல மெல்ல இறங்குவதுமே இதில் முக்கியம். முதலில் பிடித்தது பிடிக்காதது. பிறகு சின்னக் கவலை: "கூட்டத்தில கதைக்கிறதெண்டா எனக்குக் கை நடுங்கும்." அவரும் தன்னுடைய ஒன்றைச் சொன்னால் அடுத்த படி. சொல்லாவிட்டால் சில கிழமை அந்தப் படியிலேயே நில்லுங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் கொட்டினால், அடுத்தநாள் அவரைக் காண உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

போரைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். சுவரில் மாலை போட்ட படம் இருந்தால் "இது ஆர்? என்ன நடந்தது?" என்று தொடங்காதீர்கள். அவர் சொல்ல நினைக்கும் நாளில் சொல்வார். அன்று புத்திமதியும் வேண்டாம், "எங்கட பக்கமும் இப்பிடித்தான்" என்று உங்கள் கதைக்கு இழுப்பதும் வேண்டாம். பெயர் சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லியே கதையுங்கள். அடுத்தமுறை காணும்போது பரிதாபமாகப் பார்க்காமல், வழக்கம்போல மோட்டரைப் பற்றிக் கேளுங்கள். போரின் கடைசி நாட்களை நினைவுகூரும் மே மாதத்தில் அவர் ஒதுங்கியிருந்தால், சாப்பாட்டு நேரத்தில் ஒருதரம் எட்டிப் பார்த்தால் போதும்.

படி 5: சின்ன உதவி, நாள் குறித்த அழைப்பு

உதவி செய்வது எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் கூச்சம். கேளுங்கள். மண்வெட்டி, ஏணி, கறிவேப்பிலைக் கன்று. சொன்ன நாளில், கழுவி, கொஞ்சம் பயற்றங்காயோடு திருப்பிக் கொடுங்கள். வாங்கப் போனது ஒரு சந்திப்பு, கொடுக்கப் போவது இன்னொன்று. காசு மட்டும் கேட்க வேண்டாம். கடன் பட்டவர் கண்ணில் படாமல் ஒளிப்பார், கொடுத்தவர் கேட்கவும் முடியாமல் தவிப்பார்.

"ஒருக்கா வீட்ட வாங்கோ" என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாங்கோ, ரீ குடிப்பம்" என்று சொல்லுங்கள். பெண்கள் இருட்டமுன் வீடு திரும்பும்படி நேரம் வைத்தால் வீட்டிலும் தடை வராது.

பதில் வராத காலம்

தை, மாசியில் காலபோக அறுவடை. வெட்டு மெஷின் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் வட்ஸ்அப்பைப் பார்க்கமாட்டார். "என்னைப் பிடிக்கேல்லைப் போல" என்று முடிவு கட்டாதீர்கள். முதன்முறை கதைத்துவிட்டுப் போகிறவர்கள், மற்றவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர் எரிக்கா பூத்பியும் குழுவினரும் 2018இல் காட்டினார்கள். அரை நிமிட வோய்ஸ் ஒன்று போடுங்கள்: "வெட்டு முடிஞ்சுதோ? சாக்குக் கட்ட ஆள் தேவையெண்டா சொல்லுங்கோ."

அறுவடையும் முடிந்து, நாள் சொல்லி மூன்று முறை கூப்பிட்டும் அவர் ஒருமுறைகூட வரவில்லை, தானாகக் கூப்பிடவும் இல்லை என்றால், அவரை நல்ல அறிமுகமாகவே வைத்துக்கொண்டு இரண்டாமவரிடம் போங்கள். கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகவே நெஞ்சு படபடத்து ஒதுங்கும் அளவுக்கு இருந்தால், அது வெறும் கூச்சம் அல்ல. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். சிகிச்சையில் குறையக்கூடியது அது.